பாட்டுக்கு முன் ஒரு குரல்

வானொலியில் கருநாடக இசை கேட்டு வளர்ந்தோர் நம்மிற் பலர். ஆனால், பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒலிக்கும் அந்த இரண்டு வாக்கியங்களைக் காது கொடுத்துக் கேட்டோர் எத்தனை பேர் என்று எண்ணினால், தொகை மிகச் சிறியதாகவே இருக்கும். அடுத்து வருவது தியாகராச சுவாமிகளின் கிருதி, இராகம் தோடி, தாளம் ஆதி என்று ஒரு குரல் சொல்லும். பாட்டு முடிந்ததும், பாடியவர் இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று அதே குரல் நிரலாகக் கூறி மறைந்துவிடும். அதில் புகழ்மொழி இராது; கேட்பவரைக் கைதட்டச் சொல்லும் ஆரவாரம் இராது. அத்தனை பேருடைய பெயரையும் சொல்லும் அக்குரல், இசை நிகழ்ச்சி எதிலும் தன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இம்மலரில் புலமை மிக்கோர் சங்க நூல்களைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியும் எழுதுவர். அஞ்சல் துறையில் எழுத்தராகக் காலந்தள்ளும் எனக்கு இந்தக் குரலைப் பற்றி எழுதவே விருப்பம். என் தமிழிற் பாதியை எனக்குக் கற்பித்தது அதுவே என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் எங்கள் ஊர்.

பலமனேர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் உள்ள மேட்டு நிலத்து ஊர். சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாய் ஏறி வந்தால் காற்றின் சூடு தணிவதை உடல் உணரும். மேற்கே சிறிது தொலைவு சென்றால் கன்னட நாடு. தெற்கே மலையிறங்கினால் குடியாத்தம், பேரணாம்பட்டு. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் தோன்றும் வரை இவ்வட்டம் வட ஆர்க்காட்டோடு சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960இல் திருத்தணி முதலிய பகுதிகள் தமிழகத்திற்குத் திரும்பின, நாங்கள் திரும்பவில்லை. அதைப் பற்றிய வருத்தம் என் தலைமுறைக்கு இல்லை. எல்லைக்கோடு வரைபடத்தில் உள்ளது. வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்தது, இதுவே எங்கள் வாழ்க்கை.

வானலைக்கு அந்த எல்லைக்கோடு ஒருநாளும் தெரிந்ததில்லை. எங்கள் வீட்டு மர்பிப் பெட்டியில் முள்ளை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டு போனால், 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூர், 720இல் சென்னை, 837இல் விசயவாடா, 900இல் கடப்பை, 936இல் திருச்சி என்று ஒரு சாண் அகலத்தில் தென்னாடே கிடந்தது. பகலில் பெங்களூர் தெளிவாகக் கேட்கும், சென்னை கரகரக்கும். பொழுது சாய்ந்த பின் சென்னையும் திருச்சியும் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவன போல வந்துவிடும். வானத்தின் கீழ்ப்பகுதியில் பகலில் உருவாகும் மின்னூட்டப் படலம் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அப்படலம் கலைய, மேலுள்ள படலம் அலையைத் திருப்பித் தரைக்கு அனுப்புகிறது. இந்த அறிவியலெல்லாம் பின்னாளிற் படித்தது. சிறுவயதில் என் எண்ணம், இரவானால் தமிழ் நெருங்கி வரும் என்பதே.

தந்தையார் குடியாத்தத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர். புளி மண்டி ஒன்றில் கணக்கெழுதினார். அப்பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கியபோது, அதற்கென அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவ்வழக்கம் 1980களில் ஒழிந்தது. உரிமப் புத்தகம் மட்டும் இன்றும் எங்கள் இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

ஒரே கிருதியை ஒரே வாரத்தில் மூன்று நிலையங்களிலிருந்து கேட்க எங்களுக்கு வாய்த்தது. பாட்டு மாறாது, முன்னே வரும் இரண்டு வாக்கியங்கள் மாறும். சென்னை தமிழில் சொல்லும். கடப்பை தெலுங்கில் சொல்லும். பெங்களூர் கன்னடத்தில் சொல்லும். இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. சங்கராபரணம் எல்லையைக் கடக்கும்போது தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு மொழி அறியாதவனும் அவ்வறிவிப்பைக் கொண்டு அம்மொழியைத் தொட்டுத் தடவிப் பயின்றுவிடலாம். நான் கன்னடத்தில் எண்ணக் கற்றது பெங்களூர் நிலையம் மணி சொல்வதைக் கேட்டுத்தான்.

எதிர் வீட்டில் தெலுங்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் 'மாஸ்டாரு'. என் தந்தையார் அவருக்கு 'அண்ணய்யா'. இரவுக் கச்சேரிக்கு அவர் எங்கள் திண்ணைக்கு வருவார். சென்னை நிலையம் தமிழில் அறிவிக்கும். மாஸ்டாருக்கு அது பாதி புரியும். பாட்டுத் தொடங்கும், சொற்கள் தெலுங்கு. இப்போது தந்தையார்க்குப் பாதி புரியும். அறிவிப்பைத் தந்தையார் அவருக்கு விளக்குவார். பாட்டை அவர் தந்தையார்க்கு விளக்குவார். பாட்டு நடக்கும்போதே பேசாதீர்கள் என்று உள்ளிருந்து என் தாயார் குரல் கொடுப்பார். தியாகராசர் இராமனிடம் எப்படியெல்லாம் வழக்காடினார், எங்கே கெஞ்சினார், எங்கே ஏசினார் என்பதை மாஸ்டாரின் வாய்வழியே நான் அறிந்தேன். இசை நூல்களில் படித்திருந்தால் இத்துணை பதிந்திராது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தியாகராசரின் முன்னோர் ஆந்திர நாட்டினின்றும் தமிழகம் வந்து குடியேறியவர். தமிழ் பேசும் காவிரிக் கரையில், திருவையாற்றில் வாழ்ந்து, வீட்டு மொழியாகிய தெலுங்கில் அவர் பாடினார். 1847இல் அங்கேயே மறைந்தார். சியாமா சாத்திரிகளும் தஞ்சையில் இருந்துகொண்டு பெரும்பாலும் தெலுங்கிலேயே பாடினார். அயல்மொழி சூழ்ந்த ஊரில் வீட்டு மொழியைக் காத்த குடும்பம் என்று பார்த்தால், தியாகராசர் வீட்டாரும் நம் இனத்தாரே. தமிழ்நாட்டார் அப்பாட்டுக்களைத் தம்முடையவையாக்கிக்கொண்டனர். அதற்காகத் தியாகராசரைத் தமிழில் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. நம்மைப் போலப் பிற மாநிலங்களில் வாழ்வோர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

எனினும் எல்லாம் இணக்கமாகவே நடந்தது என்று சொல்வதும் சரியன்று. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு ஒரு மூலையில் துக்கடாவாகக் கிடக்கிறதே என்ற குறை எழுந்து, 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அவ்வழக்கில் வானொலியும் இழுக்கப்பட்டது. குறை நியாயமானதே. முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருக்கும் மொழிக்குக் கடைசிப் பத்து நிமிடம் போதுமா? 72 மேளகர்த்தா இராகங்களிலும் தமிழிற் கீர்த்தனை இயற்றினார் கோடீசுவர ஐயர். அவற்றைப் பரப்பியவருள் முதன்மையானவர், சென்னை வானொலியில் நெடுங்காலம் பணியாற்றிய எஸ். இராசம். அவர் ஓவியரும் ஆவார். மும்மூர்த்திகள் மூவரும் சேர்ந்திருக்கும் படம் நம் வீடுகளில் மாட்டியிருக்கிறதே, அவ்வுருவங்களை வகுத்தது அவர் தூரிகை. வானொலிக்காரர் ஒருவர் காதில் மட்டுமன்றிச் சுவரிலும் இடம் பிடித்தது எனக்கு எப்போதும் வியப்பு.

வானொலியின் பழங்கதையைச் சிறிது சொல்லி மேலே செல்கிறேன். 1924இல் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்றை ஆர்வலர் சிலர் தொடங்கி ஒலிபரப்பினர். மூன்றாண்டில் பணமுடையால் அது நின்றது. 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது; கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மாலையில் மக்களுக்கு இசை கேட்பித்தது. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு மே 16இல் திருச்சி நிலையமும் பிறந்தன. விசயவாடா 1948இல் வந்தது. மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935இல் தம் வீட்டிலேயே தொடங்கிய சிறு நிலையத்திற்கு வைத்த பெயர் ஆகாசவாணி. அப்பெயரே பின்னர் நாட்டு வானொலிக்கு வாய்த்தது. 2023இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற ஆங்கிலப் பெயரும் வழக்கொழிந்து அது ஒன்றே நின்றது.

1952 முதல் 1962 வரை ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கரைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. திரைப்பாட்டை வானொலியினின்றும் விரட்டி, நாட்டையே இலங்கை வானொலியின் பக்கம் திருப்பியவர் அவர் என்பர். 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தோன்றிய பின்னரே அந்த நேயர் கூட்டம் திரும்பியது. திரைப்பாட்டை விரும்பும் நான் இதில் அவரை ஆதரிக்கப் போவதில்லை. ஆனால், 1952 சூலையில் தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியதும், 1954இல் வானொலி சங்கீத சம்மேளனத்தை ஏற்படுத்தியதும், குரல் தேர்வும் தர வரிசையும் முறையாக அமைந்ததும் அவர் காலத்தில்தான். அரண்மனைகள் ஓய்ந்த பின் வித்துவான்களுக்கு மாதம் ஒருமுறையேனும் காசோலை அனுப்பிய புரவலர் வானொலியே. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை சென்னை நிலையத்தின் தலைமை இசைத் தயாரிப்பாளராயிருந்தார். விசயவாடா நிலையத்தில் பாலமுரளி கிருஷ்ணா பணியாற்றினார். 'பக்தி ரஞ்சனி'யால் காலைப் பொழுதை ஆந்திர மக்களுக்குப் பாட்டாக்கித் தந்தார். மாஸ்டாருடைய வீட்டில் அதுவே சுப்ரபாதம். ஆர்மோனியத்திற்கு 1940 முதல் 1971 வரை தடை விதித்த விந்தையும் இதே வானொலியில் நடந்தது. கமகம் அதில் பிறவாது என்பது காரணம். கமகம் பிறவாதது உண்மை. முப்பதாண்டுத் தண்டனை சற்று மிகை.

இனி அறிவிப்பாளரிடம் வருவோம். மாணவப் பருவத்தில் வானொலி நிலையம் ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சிறிய அறை, சுவரெல்லாம் துளையிட்ட பலகை, எதிரே நொடிமுள் ஓடும் கடிகாரம். சிவப்பு விளக்கு எரிந்ததும் அம்மையார் ஒருவர் பேசத் தொடங்கினார். முன்னே பாடல் பட்டியல் இருந்தது. ஒரு தாளை முடித்ததும் அதைப் புரட்டவில்லை. ஓசை படாமல் மெல்ல ஒருபுறம் நகர்த்தினார். பேசி முடித்துப் பாட்டுத் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி விட்டார். எண்ணிப் பார்த்தால் இரண்டு நொடிதான் இருக்கும். அந்த இரண்டு நொடியில் தம்புரா மட்டும் கேட்டது. இடைவெளி குறைந்தால் அறிவிப்புப் பாட்டை இடிக்கும். கூடினால் நிலையம் பழுதாகிவிட்டதோ என்று நேயர் பெட்டியைத் தட்டுவர். அந்த இரண்டு நொடியை அளந்து விடுவதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அரங்கில் மூன்று மணி நேரம் பாடிப் பழகியவர்க்கு வானொலி தந்தது அரை மணியோ ஒரு மணியோதான். ஆலாபனையைச் சுருக்கி, நிரவலை அளந்து, குறித்த நொடியில் முடிக்க வித்துவான் கற்றுக்கொண்டார். அவர் சற்று முந்தி முடித்தாலும் பிந்தி முடித்தாலும், மீதி நேரத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அறிவிப்பாளருடையது. முந்தினால் பெயர்களை நிதானமாகச் சொல்வார்; பிந்தினால் விரைந்து சொல்வார். ஒன்றை மட்டும் செய்யமாட்டார்: பக்கவாத்தியக்காரர் பெயரை விடமாட்டார். நான் கேட்ட ஆண்டுகளில், செய்திக்கு மணியடிக்கும் நேரத்திலும் கடம் வாசித்தவர் பெயர் விடுபட்டதாக நினைவில்லை. அலுவலகத்தில் கோப்பு எழுதும்போது, கடைநிலை ஊழியரின் பெயரையும் பதவியோடு முழுமையாக எழுதும் வழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

எங்கள் ஊரில் நான் படித்தது தெலுங்குப் பள்ளி. தமிழ் எழுத்து தந்தையார் சிலேட்டில் எழுதிக் கற்பித்தது. எழுத்தைக் கற்பிக்கலாம், ஒலியை எங்கே போய்க் கேட்பது? தெருவில் எல்லார்க்கும் 'தமிளு'. வீட்டிலும் பேச்சுவாக்கில் 'பளம்', 'மளை'. ழகரம் கேட்க வேண்டுமென்றால் சென்னைக்கு முள்ளைத் திருப்ப வேண்டும். இசை நிகழ்ச்சியின் அறிவிப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'நிகழ்ச்சி' என்பர், 'வழங்குபவர்' என்பர், 'புல்லாங்குழல்' என்பர். நாள்தோறும் ழகரம் காதில் விழுந்துகொண்டேயிருக்கும், அதுவும் அவசரமில்லாத குரலில். அறிவிப்பைக் கேட்டதும் தந்தையார் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். நாக்கு மடிந்தால் ஒரு கடலைமிட்டாய்.

ஆண்டில் ஒரு காலை, எந்த நிலையத்தில் முள்ளை வைத்தாலும் ஒரே ஒலி கேட்கும். அது புஷ்ய பகுள பஞ்சமி, தியாகராச ஆராதனை நாள். திருவையாற்றிலிருந்து நேரடி ஒலிபரப்பு. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து இராகங்களில் பஞ்சரத்தினம். முதலாவது வடமொழி, ஏனைய நான்கும் தெலுங்கு. சமாதிக் கோயிலை எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். நஞ்சன்கூட்டில் பிறந்த கன்னட நாட்டுப் பெண், தெலுங்குப் பாட்டுக்காகத் தமிழ் மண்ணில் தம் பொருளைச் செலவிட்டார். அன்று மாஸ்டார் எங்கள் வீட்டில் ஒலியைக் கூட்டிவைத்துத் தாமும் சேர்ந்து பாடுவார். குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது. சாகித்தியம் மட்டும் பிழையின்றி இருக்கும்; வானொலியில் யாரேனும் தெலுங்குச் சொல்லைத் தமிழ்நாட்டு முறையிற் பிரித்துப் பாடினால் முகம் சுளிப்பார். தந்தையார் சிரிப்பார்.

இப்போது இசைக்குப் பஞ்சமில்லை. பெங்களூர் நிலையம் 2004இல் அமிர்தவர்ஷிணி என்று இசைக்காகவே எப்.எம். அலைவரிசை ஒன்றைத் தொடங்கியது. 2016 சனவரி 26இல் 'ராகம்' என்ற 24 மணி நேரச் சேவை வந்தது, கைப்பேசியிலும் கேட்கலாம். வானொலியை விட்டுப் பாட்டுச் செயலிகளுக்குப் போனால் கடல் போல் கிடக்கிறது. அங்கே முன்னுரைக்கும் குரல் இல்லை. திரையில் ஆங்கில எழுத்தில் பாட்டின் முதற்சொல்லும் பாடகர் பெயரும் தோன்றும். வயலின் யார், மிருதங்கம் யார் என்று பெரும்பாலும் தெரிவதில்லை. பாட்டு முடிந்த நொடியில் அடுத்த பாட்டு மோதும். என் மகள் அதில் கேட்கிறாள், நானும் கேட்கிறேன். நூறு பாட்டுக் கேட்ட பின்னும் அவளுக்குப் புதிதாக ஒரு தமிழ்ச் சொல் வந்து சேரவில்லை.

எங்கள் இராமர் பஜனைக் கூடத்தில் ஆராதனை நாளன்று உள்ளூர் அன்பர்கள் கூடிக் கச்சேரி நடத்துவது பல ஆண்டு வழக்கம். மேடையறிவிப்பைக் கடைசி வரை மாஸ்டாரே செய்துவந்தார். அவர் மறைந்த பின், மாலைக் கச்சேரியைத் தமிழன்பர்கள் பொறுப்பில் விட்டார்கள். அறிவிப்பு எம்மொழியில் என்று எங்களுக்குள் வழக்கு எழுந்தது. பாட்டும் தெலுங்கு, ஊரும் தெலுங்கு, தமிழில் சொல்வது யாருக்காக என்றார் ஒருவர். தமிழில் சொல்லாவிட்டால் தமிழர்க்கென ஒரு மாலை எதற்கு என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் பேசினார்கள். என் தந்தையார், "சென்னையில் தெலுங்குப் பாட்டைத் தமிழில் சொன்னார்களே, மாஸ்டார் எழுந்து போனாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பேச்சு, யார் சொல்வது என்பதற்குத் திரும்பியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பெயரை அவர்தாம் சொன்னார்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அறிவிப்பைத் தமிழில் நான் சொல்ல, அவள் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டாள். ழகரத்திற்கு இன்றைய தெலுங்கு வழக்கில் எழுத்து இல்லை. ளகரத்தை எழுதி அதன் கீழ் ஒரு புள்ளி வைத்தாள். ஒரு பக்கத்தில் பதினொரு புள்ளிகள் இருந்தன. ஒரு வாரம் மாலைதோறும் தாத்தாவும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகக் கடந்தார்கள். காது மந்தமாகிவிட்ட அவர், அவள் சொல்வதைக் கேட்டதைவிட உதட்டைப் பார்த்ததே அதிகம். புகழ்மொழி ஏதேனும் சேர்க்கலாமா, 'தேனினும் இனிய' என்று போடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். "நீ பேரைச் சரியா சொல்லு, போதும். இனிப்பா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியும்."

அன்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன் தமிழில் இரண்டு வாக்கியம், தெலுங்கில் இரண்டு வாக்கியம் சொன்னாள். பாடகர் பெயர், பக்கவாத்தியக்காரர் பெயர்களை ஒருமுறையே சொன்னாள். அவை எந்த மொழிக்கும் உரியவை அல்லவே. கஞ்சிரா வாசித்தவர் குடியாத்தத்துக் கல்லூரி மாணவர். கச்சேரி முடிந்து பெயர்களைச் சொல்லும்போது கூட்டம் எழுந்துவிட்டது. செருப்பைத் தேடும் ஓசை பெரிதாக இருந்தது. அவள் நிறுத்தவில்லை. கஞ்சிராவை உறையிலிட்டுக்கொண்டிருந்த அப்பிள்ளை தன் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்த்தது.

வரும் சனவரிக்கும் அவளே அறிவிப்பதாக ஏற்பாடு. இம்முறை தமிழ்ப் பகுதியைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்வேன் என்கிறாள். தாத்தாவிடம் உயிர்மெய் வரை வந்திருக்கிறாள். பாடல் பட்டியலை முன்கூட்டியே அனுப்பும்படி பாடகருக்கு இரண்டு அஞ்சலட்டை போட்டுவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.